எஃப்.சி. முடிந்த வண்டி

நேயர்களுக்கு வணக்கம். என்னை மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். ஊருக்குள் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது, பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில் எனக்கு அதுதான் பெயர்.

இன்றைக்குப் பேசப்போவது எஃப்.சி. பற்றி. அரசு ஆவணங்களில் தகுதிச் சான்று, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்பதற்கான சான்று. லாரி, பஸ், வேன், ஆட்டோ, வாடகைக் கார் என்று மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட வண்டிகளுக்கு இது கட்டாயம். புது வண்டிக்கு முதல் 2 ஆண்டு கவலையில்லை. அப்புறம் 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். முன்பெல்லாம் 2 ஆண்டு முடிந்ததுமே வருஷா வருஷம்தான். 2018 கடைசியில்தான் இந்தச் சலுகை வந்தது.

எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று வண்டியின் உடம்பிலேயே பெயிண்டால் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முந்தி, ஒரு ஜூன் மாத விடியற்காலை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரம் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு குட்டி யானை வந்தது. டாடா ஏஸ் வண்டிக்கு நம்மூர்ப் பெயர் அதுதானே. பின்னால் தக்காளிக் கூடைகள். கதவுக்குப் பக்கத்தில் எஃப்.சி. தேதி ஆகஸ்ட் 14 வரை என்று இருந்தது. ஆனால் மாதத்தைக் குறிக்கும் 8-ல் ஒரு பகுதி மட்டும் பளபளவென்று மின்னியது. மற்ற எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருக்க, அந்த எண்ணின் இடது பாதி மட்டும் எப்படிப் புதுசாக இருக்கும்? நகத்தால் சுரண்டினேன். 8 உதிர்ந்து 3 ஆனது. மார்ச்சிலேயே முடிந்துபோன எஃப்.சி.

ஓட்டி வந்தவருக்கு அது சொந்த வண்டி. முகம் செத்துப்போயிற்று. "சார், லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, டேக்ஸ் கட்டியாச்சு. எஃப்.சி. மட்டும்தான் சார் இல்ல" என்றார்.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் கேட்டது இந்த 'மட்டும்தான்' என்ற சொல்லைத்தான். கூட்டத்தில் ஒரு காகிதம் குறைகிறது, அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவைப் படித்தால் தெரியும். செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், பதிவே செய்யப்படாத வாகனமாகக் கருதப்படும். நம்பர் பிளேட் இருக்கும், ஆர்.சி. புத்தகம் பையில் இருக்கும். ஆனால் அன்றைய தேதிக்கு அந்த வண்டிக்குப் பதிவு இல்லை.

அந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்றதெல்லாம் தானாக அவிழும். பதிவில்லாத வண்டியை ஓட்டினால் 192-வது பிரிவு: முதல் தடவை 2000 ரூபாய்க்குக் குறையாமல் 5000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 5000 முதல் 10,000 வரை, ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. போதாததற்கு 207-வது பிரிவின்படி வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்கலாம். அபராதம்கூடப் பரவாயில்லை, வண்டி நின்றுபோவதுதான் வயிற்றில் அடிக்கும். வாடகை போச்சு, கடன் தவணை மட்டும் நிற்காது. அன்றைக்குத் தக்காளி என்ன பாவம் செய்தது என்று அதை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். குட்டி யானை ஆர்.டி.ஓ. அலுவலக வளாகத்துக்குப் போயிற்று.

இதெல்லாம் வண்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது. விபத்து நடந்துவிட்டால் கதையே வேறு. இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்பது டிரைவரின் லைசென்ஸ், அடுத்தது எஃப்.சி. தேதி. எஃப்.சி. இல்லாமல் ஓடியது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று 2018-ல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. அப்படியானால் அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்பாரா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. கம்பெனி முதலில் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும், அப்புறம் அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளும். எல்லா வழக்கிலும் ஒரே மாதிரி தீர்ப்பு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோக்காரர், விபத்து நடந்ததையே மறந்துவிட்ட காலத்தில், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதில் இருந்த தொகைக்கு அவர் ஆட்டோவைப் போல நாலைந்து வாங்கலாம்.

சரி, எஃப்.சி. வாங்கிவிட்டால் வண்டி நல்ல வண்டியா? என் பிழைப்பைப் பற்றிய கேள்வி இது, தப்பிக்க முடியாது. எஃப்.சி. அன்று காட்டுவதற்கென்றே நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி வந்து, சாயங்காலம் கழற்றித் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். துருப்பிடித்த தகரத்தின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் கல்யாண வண்டி. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தமே சொல்லும். தட்டிப் பார்க்காதவர்களும் எங்கள் துறையில் இருந்தார்கள்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளிப் பேருந்தின் தரையில் ஓட்டை. அதன் வழியாகச் சாலையில் விழுந்து ஒரு சின்னக் குழந்தை இறந்துபோனது. அந்தப் பேருந்தின் எஃப்.சி. காலாவதி ஆகவில்லை. சமீபத்தில்தான் வாங்கியிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. நான் கையெழுத்துப் போட்ட வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் பள்ளிப் பேருந்துகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்களே, அப்போது அதிகாரி குனிந்து தரையைத்தான் பார்க்கிறாரா என்று பெற்றோர் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். தப்பில்லை.

கொரோனா காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 2020 பிப்ரவரி முதல் முடிந்த எஃப்.சி., லைசென்ஸ் எல்லாம் செல்லும் என்று மத்திய அரசு தவணை தவணையாக நீட்டி, 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனது. அது நியாயம்தான். ஆனால் 'தேதி முடிந்தாலும் ஒன்றும் ஆகாது' என்ற பழக்கம் சிலரிடம் அதோடு ஒட்டிக்கொண்டது. இப்போது பெயிண்டில் 3-ஐ 8 ஆக்கிப் பயனில்லை. போலீஸ்காரர் கையில் இருக்கும் கருவியில் வண்டி எண்ணைப் போட்டால் உண்மைத் தேதி வந்துவிடும்.

சொந்தக் கார், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் 'நமக்கு எஃப்.சி. கிடையாதே' என்று இதுவரை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் உண்டு. புகைச் சான்றை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். நான் சொல்வது பதிவைப் பற்றி. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்கப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதி ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கிறது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலும் தெரியும். 15 வருஷம் என்பது நீண்ட காலம், அதனால்தான் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

யாருக்கும் என்றால் எனக்கும்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பழைய காகிதங்களை ஒழுங்கு செய்தபோது என் ஸ்கூட்டரின் ஆர்.சி. கையில் வந்தது. பதிவு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் நான் அதில்தான் பால் வாங்கப் போனேன், ஒருநாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடந்த பிரிவு உபசார விழாவுக்கும் போய்வந்தேன். மறுநாளே வண்டியை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வந்த பையனுக்கு என்னைத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆய்வாளர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றவர். ஆர்.சி.யில் இருந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார்.

"சார், ஹாரன் அடிங்க" என்றார். அடித்தேன். வேலை செய்தது.

நன்றி, வணக்கம்.