8 பேர் இழுத்தா 4 பேர் பலம்தான் வருது! முசுறு எறும்புகிட்ட மட்டும் கணக்கு ஏன் மாறுது?

ஒருத்தர் ஒரு கயித்தைத் தன் முழு பலத்தையும் போட்டு இழுக்கிறாரு. அந்த பலத்தை 100ன்னு வெச்சுக்குவோம். இப்ப அதே கயித்தை 8 பேர் சேர்ந்து இழுக்கிறாங்க. கணக்குப்படி 800 வரணும் இல்லையா? வந்தது 400க்கும் கொஞ்சம் கம்மி! ஆளுக்குப் பாதி பலம் எங்கயோ கரைஞ்சு போச்சு.

இப்ப மாமரத்துல இருக்கிற முசுறைப் பாருங்க. தனியா இழுத்தா தன் எடையைப் போல சுமார் 60 மடங்கு இழுக்கும். அதே முசுறு 15 எறும்புக் கூட்டத்துல நின்னு இழுத்தா, ஒவ்வொண்ணும் 100 மடங்குக்கு மேல இழுக்குது. கூட்டம் சேர்ந்தா நமக்குக் குறையுது, அதுக்குக் கூடுது. எப்படி? விடை, வரிசையில கடைசியா நிக்கிற எறும்போட காலடியில இருக்கு.

வணக்கம் மக்களே! முதல்ல கயித்துக் கதையை வேகமா முடிச்சுடறேன். மாக்ஸ் ரிங்கல்மன், பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர். 1880கள்ல செஞ்ச சோதனை, 1913ல அச்சுல வந்துச்சு. ஆள் சேரச் சேர தலைக்கு இவ்வளவுங்கிற பலம் குறையுதுன்னு அளந்து காட்டினாரு. எல்லாரும் ஒரே நொடியில இழுக்கிறதில்லைங்கிறது ஒரு காரணம். "அதான் இத்தனை பேர் இருக்காங்களே"ன்னு மனசு தன்னால தளர்றது இன்னொண்ணு. 1974ல இதையும் சோதிச்சாங்க. கண்ணைக் கட்டி, பின்னாடி ஆளுங்க இழுக்கிறாங்கன்னு நம்ப வெச்சாங்க. உண்மையில யாரும் இழுக்கல. அப்பவும் முன்னாடி நின்னவரோட பலம் குறைஞ்சுச்சு!

சரி, முசுறுக்கு வாங்க. மாங்காய் பறிக்க மரம் ஏறினவங்களுக்கு இதை நான் அறிமுகப்படுத்த வேண்டியதே இல்ல. கொடுக்கு கிடையாது. கடிச்சு, வயித்தை வளைச்சு, அந்தக் கடிவாயிலேயே ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். சங்கப் பாட்டுல இதுக்குப் பேரு முயிறு. நற்றிணையில ஒரு காட்சி வருது: நாரை ஒண்ணு முயிற்றுக் கூட்டுல உரசுது, எறும்பும் முட்டையுமா கீழ சிதறுது, பாக்க செந்நெல்லோட வெள்ளரிசி கலந்து கொட்டின மாதிரி இருக்காம். சிவப்பு எறும்பு, வெள்ளை முட்டை. பக்கத்துல உக்காந்து பாக்காத ஆளால இப்படி எழுத முடியாதுங்க!

இந்தக் கூடுதான் விஷயமே. முசுறு மண்ணுல புத்து வைக்காது. மரத்துல உசிரோட இருக்கிற பச்சை இலையை வளைச்சு, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டும். 1770ல கேப்டன் குக்கோட கப்பல்ல ஆஸ்திரேலியா போன இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், மனுஷன் கையை விட அகலமான இலையை இந்த எறும்புங்க வளைக்கிறதைப் பாத்து, இத்தனூண்டு உயிருக்கு இவ்வளவு பலமான்னு அசந்து போய் எழுதி வெச்சாரு. அதே ஆஸ்திரேலியாவுல, மாக்குவாரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு செயற்கை இலையை விசை அளக்கிற கருவியில மாட்டி, எறும்புகளை இழுக்கவிட்டு அளந்தாங்க. முடிவு வெளிவந்தது 2025ல. நான் முதல்ல சொன்ன 60, 100 எல்லாம் அங்க கிடைச்ச கணக்கு.

இப்ப கொஞ்சம் கிட்ட போய்ப் பாப்போம்.

ஒரு முசுறு இலை விளிம்புல நின்னு பக்கத்து இலையை எட்டிப் பாக்குது. எட்டுச்சுன்னா கவ்வி இழுக்கும். எட்டலையா? இன்னொரு முசுறு வந்து முதல் எறும்போட இடுப்பைக் கவ்வும். அதோட இடுப்பை மூணாவது கவ்வும். இப்படியே ஒரு சங்கிலி. "நீ இங்க நில்லு"ன்னு சொல்ல மேஸ்திரி யாரும் இல்ல. இலை எந்த இடத்துல கொஞ்சம் வளைஞ்சு கொடுக்குதோ, அந்த இடத்துக்கு மத்த எறும்புங்க வந்து சேருதுங்க.

சங்கிலியில எல்லாமே ஒரே மாதிரி நிக்கிறதில்லைங்க! முன்னாடி இருக்கிறதுங்க காலை மடக்கி, தம் கட்டி இழுக்குது. பின்னாடி இருக்கிறதுங்க காலை நல்லா நீட்டிப் பரப்பி, இலையோட ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. மேலோட்டமா பாத்தா சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா வளைச்ச இலை திரும்ப நிமிரப் பாக்கும் இல்லையா? அந்த எதிர்விசையைத் தாங்கிப் பிடிக்கிறது அந்தப் பின்வரிசை. ஒத்தை எறும்பா இருந்தா, ஒரு அளவுக்கு மேல இழுத்ததும் காலு வழுக்கிடும். பின்னாடி ஆள் சேரச் சேரப் பிடிமானம் கூடும். முன்னாடி இருக்கிறது வழுக்கிடுமோன்னு பயப்படாம தன் முழு பலத்தையும் போடலாம். இழுத்த அளவு இழுத்ததுதான், ஒரு நூல்கூடப் பின்னாடி போகாது.

இதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர்த் தேர்தான் ஞாபகம் வந்துச்சு. வடம் பிடிக்கிறவங்களை எல்லாரும் பாப்போம், போட்டோ எடுப்போம். சக்கரத்துக்குப் பக்கத்துலயே குனிஞ்சு நடந்து, சரியான நேரத்துல கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துறாரே, திருப்புறாரே, அவரை எத்தனை பேர் பாத்திருக்கோம்? உசிரைப் பணயம் வெச்சுச் செய்யற வேலை அது. அவர் கையில இருக்கிறதுக்குப் பேரு முட்டுக்கட்டை. அந்தப் பேரை நாம திட்டறதுக்கு வெச்சிருக்கோம்! "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே"ங்கிறோம். முட்டுக்கட்டை இல்லாத தேரை நினைச்சுப் பாருங்க. எனக்கு அந்த வார்த்தையை இனிமே திட்டா சொல்ல வாய் வராது.

இலை வந்து சேர்ந்தாச்சு, தைக்கணுமே? அதுக்குக் குழந்தைங்க வருது! முசுறு தன் கூட்டுல வளர்ற இளம் புழுவை வாயில தூக்கிட்டு வந்து, ஒரு விளிம்புல தொட்டு, எதிர் விளிம்புல தொட்டு, தறியில நாடா ஓடற மாதிரி மாத்தி மாத்தி ஓட்டும். புழு விடற பட்டு நூல்தான் தையல். அந்தப் புழு தனக்குன்னு கூடு கட்டிக்க நூல் மிச்சம் வைக்கிறதில்ல, எல்லாத்தையும் வீட்டுக்கே கொடுத்துடுது. சீனாவுல ஆரஞ்சுத் தோட்டக்காரங்க பல நூறு வருஷமா இந்தக் கூட்டைக் காசு கொடுத்து வாங்கி மரத்துல கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டு விட்டிருக்காங்க, பூச்சி பிடிக்க.

நம்ம கதைக்கு வருவோம். எங்க வீட்டுக் கல்யாணங்கள்ல சித்தப்பா ஒருத்தர் உக்ராணத்துல உக்காந்திருப்பாரு. சாவி இடுப்புல, நோட்டு மடியில. எவ்வளவு அரிசி போச்சு, எத்தனை தேங்காய் பாக்கி, எல்லாம் அவர் கணக்கு. பந்தியில ஓடி ஓடிப் பரிமாறுற பசங்களை ஊரே பாராட்டும். சித்தப்பா ஒரு போட்டோவுலகூட இருக்க மாட்டாரு. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல்னு வரல. ரெண்டாவது பந்தியில அப்பளம் தீந்துச்சு, மூணாவதுல சாம்பாருக்குப் பருப்பு எங்கன்னு தேடிக்கிட்டு நின்னோம். பரிமாற ஆள் பத்துப் பேர் இருந்தோம்!

உங்க ஆபீஸ்ல, வீட்டுல, இப்படிப் பிடிச்சு நிக்கிற ஆள் யாரு? அவங்க பேரைக் கமெண்ட்ல எழுதுங்க, முடிஞ்சா இந்த வீடியோவை அவங்களுக்கே அனுப்புங்க. அப்படியே உங்க ஊர்ல முசுறுக்கு என்ன பேருன்னும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில பக்கத்துல மாமரம் இருந்தா, கூடு கட்டற நேரமா பாத்து அந்தக் கடைசி எறும்போட காலைக் கவனிங்க. ஒரு முழம் தள்ளியே நில்லுங்க, கடிச்சா எரியும்!