பாப்பா சாப்பிட மாட்டேங்கறா, பேசினா சரியாயிடுமா? கோத்தகிரி அம்மாவின் கேள்விக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளம், நான் சுருக்கிச் சொல்லிடறேன்.

பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து ப்ளஸ் ஒன் படிக்கிறா. லீவுக்கு வந்தப்ப ஆளே பாதியா இருந்தாளாம். சோறு வெச்சா ரெண்டு வாய், அதுக்கப்புறம் வயிறு பொம்முனு இருக்குங்கறா. ஆனா பாதி நேரம் அடுப்படியிலதான் நிக்கிறா. கேக் செய்யறா, தம்பிக்கு ஊட்டி விடறா. ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். மாமியார் கண்ணு பட்டிருச்சுன்னு சுத்திப் போடறாங்க. வீட்டுக்காரர், ரெண்டு அறை விட்டா தானா சாப்பிடுவாங்கறார். டாக்டர் கவுன்சிலிங் போகச் சொல்லியிருக்கார். “பேசினா எப்படிங்க சோறு உள்ள இறங்கும்? திரும்ப ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா?” இதுதான் கேள்வி.

அம்மா, நீங்க கேட்டது நியாயம்தான். வெறும் பேச்சுல சோறு இறங்காது. அறை விட்டாலும் இறங்காது. பாப்பாவை நேர்ல பாக்காம இன்ன நோய்னு நான் பேர் வைக்க முடியாது. ஆனா நீங்க சொல்றது அனரெக்ஸியாங்கற ஈட்டிங் டிஸார்டருக்கு, அதாவது சாப்பாட்டைச் சுத்தி வர்ற ஒரு மனநோய்க்கு, ரொம்பக் கிட்ட வருது. அப்படியே இருந்தா, அதுக்கான சிகிச்சையில முதல்ல சோறு, அப்புறம்தான் மனசு. நிறைய பேர் இதைத் தலைகீழா நினைச்சுக்கறாங்க. அவ மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டா, தானா சாப்பிட ஆரம்பிச்சிடுவான்னு. அப்படி மாசக்கணக்கா கிளறிக்கிட்டே இருந்து, அதுக்குள்ள உடம்பு இன்னும் இறங்கிப்போய் வந்தவங்க உண்டு.

ஏன் சோறு முதல்லன்னு சொல்றேன். 1944 கடைசியில, உலகப்போர் நடந்துட்டிருந்தப்ப, அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்னு ஒருத்தர் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சார். போர்ல பட்டினி கிடந்த ஜனங்களை எப்படித் தேத்தறதுன்னு தெரிஞ்சுக்கத்தான். போருக்குப் போக மாட்டோம்னு கொள்கையா நின்ன 36 இளைஞர்கள் தாங்களா வந்து சேர்ந்தாங்க. உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு பாத்துப் பொறுக்கி எடுத்த ஆளுங்க. ஆறு மாசம், சாப்பாட்டைச் சுமார் பாதியாக் குறைச்சாங்க. என்ன ஆச்சு தெரியுங்களா? அந்தப் பசங்க சமையல் புத்தகமா வாங்கிப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெசிபி சேத்து வெச்சாங்க. தட்டுல இருக்கற கொஞ்சூண்டை இழுத்து இழுத்து ரொம்ப நேரம் சாப்பிட்டாங்க. எப்பப் பாரு குளிருதுன்னாங்க. நாடி குறைஞ்சுது. கூட்டாளிங்களை விட்டு ஒதுங்கினாங்க, எரிஞ்சு விழுந்தாங்க. இத்தனைக்கும் ஒல்லியாகணும்னு வந்தவங்க யாருமே கிடையாது. சாப்பாட்டைத் திரும்பக் குடுத்த பிறகும் அந்த நினைப்பு உடனே விடலை, மாசக்கணக்காச்சு.

இப்ப உங்க பாப்பாவைப் பாருங்க. கேக் செஞ்சு தம்பிக்கு ஊட்டறது நடிப்பு இல்லை, உங்களை ஏமாத்தறதும் இல்லை. பட்டினி கிடக்கற மூளை சாப்பாட்டையே சுத்திச் சுத்தி வருது. அந்த மூளைகிட்ட உக்காந்து “உனக்கு என்னம்மா கவலை”ன்னு கேட்டா, வர்ற பதில்ல எது அவளோடது, எது பட்டினியோடதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது.

நம்ம மலையில இது கண்ணுல படறதுக்கே லேட் ஆகுதுங்க. கோயம்புத்தூர்ல மே மாசம் ஒரு பொண்ணு ஸ்வெட்டரோட சுத்தினா தெருவே கேக்கும். இங்க யாரு கேப்பா? உள்ள தெர்மல், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல ஸ்கூல் ப்ளேசர். எடை போனதும் தெரியாது, உடம்பு சூடு பத்தாம நடுங்கறதும் தெரியாது. குளிருதுன்னா குளிருதுதான்னு விட்டுடுவோம். பஸ் இன்னொரு சாக்கு. மேட்டுப்பாளையம் இறங்கணும், வளைவுல வாந்தி வரும், வெறும் வயித்தோடயே வரேன்னா யார் மறுப்பா, நாமளும் அப்படித்தானே போறோம். விரதமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கறவங்க சாமி கும்பிட்டு முடிச்சதும் நல்லாவே சாப்பிடுவாங்க. அன்னைக்கு ராத்திரியும் சாப்பிடாம, சனிக்கிழமைக்கு இன்னொரு விரதம் தேடிப் பிடிச்சா, கொஞ்சம் உத்துப் பாக்கணும். இதுல, கல்யாண வீட்டுல நாலு சொந்தக்காரங்க “அட, மெலிஞ்சு எவ்வளவு அழகாயிட்டே”ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அவங்களை என்ன பண்றது, சொல்லுங்க.

வயிறு பொம்முனு இருக்குங்கறதும் பொய் இல்லை. சாப்பாடு ரொம்பக் குறைஞ்சா இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், ரெண்டு வாயிலயே நிறைஞ்சாப்ல இருக்கும். புத்தகத்துல அனரெக்ஸியான்னா குண்டாயிடுவோம்ங்கற பயம்னு போட்டிருக்கும். நம்ம பசங்கள்ல அந்தப் பேச்சையே எடுக்காதவங்க இருக்காங்க. கேஸு, பசி இல்லை, நெஞ்சு அடைக்குதும்பாங்க. இந்தியாவுலயும் ஹாங்காங்லயும் டாக்டர்கள் இதை ரொம்ப முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க. இருந்தும் கேஸ் மாத்திரையிலயே காலம் ஓடிடுது.

சரி, என்ன பண்றது? முதல்ல உடம்பு. ரத்த டெஸ்ட் நார்மல்னு நிம்மதியாயிடாதீங்க, நோய் முத்தின நிலையிலயும் ரிப்போர்ட் நார்மலாவே காட்டலாம். நாடியைப் பாக்கச் சொல்லுங்க. படுத்தும் எந்திரிச்சும் பிரஷர், ஒரு ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை. தைராய்டு, டிபி மாதிரி வேற காரணம் இல்லைங்கறதையும் உறுதி பண்ணிக்கணும். பகல்ல முழிச்சிருக்கப்பவே நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழ இருந்தா, மயங்கி விழுந்தா, பல நாளா கிட்டத்தட்ட ஒண்ணுமே உள்ள போகலைன்னா, யோசிக்காம ஆஸ்பத்திரி. அப்படிப்பட்ட உடம்புக்கு வீட்டுல ஒரே நாள்ல நெய்யும் சோறுமா திணிக்கறது ஆபத்து. ரத்தத்துல பாஸ்பேட் சரசரன்னு இறங்கி இதயத்தைப் பாதிக்கும், ரீஃபீடிங் சிண்ட்ரோம்பாங்க. மாதவிலக்கு ஒழுங்கா வருதான்னும் கேளுங்க. வருதுன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. மனநோய்களை வகைப்படுத்தற அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம்-5, 2013-ல வந்தப்ப, மாதவிலக்கு நின்னிருக்கணும்ங்கற நிபந்தனையையே எடுத்துட்டாங்க.

இப்ப கவுன்சிலிங். பதின்வயசுப் பசங்களுக்கு நல்ல பலன் குடுக்கறது குடும்பத்தை வெச்சு நடத்தற சிகிச்சை. லண்டன்ல மாட்ஸ்லி மருத்துவமனையில 1980-கள்ல உருவானது. இதுல சிகிச்சை குடுக்கற எங்களை விட உங்களுக்குத்தான் வேலை ஜாஸ்தி. என்ன சாப்பிடணும், எவ்வளவு, எப்பங்கறதை கொஞ்ச காலத்துக்கு அப்பா அம்மா கையில எடுத்துக்கணும். எடை ஏறி, சண்டை குறைஞ்ச பிறகு, கொஞ்சம் கொஞ்சமா அவ கையில திருப்பிக் குடுக்கணும். படிப்பு, சிநேகிதம், ஹாஸ்டல்ல என்ன நடந்துச்சுங்கறதெல்லாம் நிறுத்தி நிதானமாப் பேசறது அதுக்கும் அப்புறம். மொத்தம் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம்னு வெச்சுக்கங்க.

ரெண்டாவது தடவை வரும்போது வீட்டுச் சாப்பாட்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி குடும்பமாச் சாப்பிடச் சொல்வோம். அப்படி ஒரு குடும்பம், ஊரெல்லாம் வேண்டாம். தூக்குப்போசியில சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, வேகவெச்ச முட்டை. பொண்ணு சோத்தைத் தட்டோட ஓரத்துக்கே தள்ளிக்கிட்டிருக்கா, முட்டை மஞ்சளைப் பிச்சு டம்ளர் பின்னாடி ஒதுக்கறா. அப்பா போனைப் பாக்கறார். அம்மா கெஞ்சறாங்க, “அம்மாவுக்காக ஒரே ஒரு வாய் சாமி.” நான் அப்பாவை எந்திரிச்சு வந்து பொண்ணுக்கு ஒரு பக்கம் உக்காரச் சொன்னேன், அம்மா இன்னொரு பக்கம். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், கலோரிக் கணக்குல வாதாடவே வேண்டாம். “கண்ணு, ஸ்பூனை எடு. இதுதான் உனக்கு மருந்து. நீ முடிக்கற வரைக்கும் நாங்க இங்கயே இருப்போம்.” ரெண்டு பேரும் இதே வார்த்தை, திரும்பத் திரும்ப. பொண்ணு அழுதா. “எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்றீங்க”ன்னு கத்தினா. அப்பாவுக்கு உதடு துடிக்குது, ஆனா எந்திரிக்கலை. தட்டு காலியாகணும்ங்கறது அங்க நோக்கமே இல்லை. அவ போதும்னு முடிவு பண்ணி வெச்ச இடத்தைத் தாண்டி ஒரு வாய், அவ்வளவுதான். அன்னைக்கு அந்த ஒரு வாய் உள்ள போச்சு.

வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க: கடுங்காய்ச்சல்ல உளர்ற பிள்ளையை அடிப்போமா? கத்தறது நோய், பாப்பா இல்லை. அடிச்சா அவ நோய் பக்கமா இன்னும் ஒட்டிக்குவா. மாமியார் சுத்திப் போடட்டும், அதுல ஒண்ணும் கெடுதல் இல்லை. அவங்களுக்கும் ஒரு வேலை குடுத்துடுங்க. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் வர்க்கியும் பாட்டி கையால. ஒரே ஒரு கட்டுப்பாடு, “எலும்பாயிட்டியே”ன்னு சொல்லக் கூடாது. “இப்பத்தான் முகம் தேறியிருக்கு”ன்னும் சொல்லக் கூடாது. நீங்க ஆசையாச் சொல்றது அவ காதுல குண்டாயிட்டேன்னு விழும்.

மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு தடவை சிற்றுண்டி, மூணு நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடக் கூடாது. தட்டுல நீங்க போடணும். சமைக்கறப்ப அவ அடுப்படிக்கு வர வேண்டாம், கேக்கும் இப்போதைக்கு வேண்டாம். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் யாராவது கூட இருங்க, சீரியல் பாத்தாலும் சரிதான்.

இதைக் கேட்டுட்டு இருக்கற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையாமலே ஈட்டிங் டிஸார்டர் இருக்கலாம். அடக்க முடியாம நிறைய சாப்பிட்டு, உடனே வாந்தி எடுக்கறது புலிமியா. அடிக்கடி வாந்தி எடுத்தா பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பல்லோட எனாமல் கரையும். பெரியவங்களுக்கு சிபிடிங்கற, நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சுச் சிகிச்சை முறையில வாரம் ஒண்ணுன்னு சுமார் 20 தடவை சிகிச்சை நடக்கும், ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரையும் புலிமியாவுக்கு உதவும். அனரெக்ஸியாவைக் குணமாக்கற மாத்திரைன்னு ஒண்ணு இன்னும் இல்லை. பையன்களுக்கும் வருதுங்க. ஜிம்முக்குப் போறான்னு வீட்டுல பெருமையா விட்டுடறாங்க.

எங்க போறதுன்னு கேட்டா, நாடியும் ஈசிஜியும் பாக்கறதுக்கு மலை இறங்க வேண்டியதில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போலாம், மனநல டாக்டரையும் அங்கயே கேளுங்க. 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. குடும்பச் சிகிச்சையைப் பாதிக்கு மேல வீடியோ கால்லயே பண்ண முடியும். ஆனா எடையும் நாடியும் வாரா வாரம் நேர்லதான் பாக்கணும்.

ஹாஸ்டல். இப்ப அனுப்பாதீங்கம்மா. ப்ளஸ் டூ வருது, மார்க் போயிடும்னு நீங்க பயப்படறது புரியுது. மெஸ்ல இருநூறு பிள்ளைங்க நடுவுல இவ தட்டை யாரும் பாக்கப் போறதில்லை. டாக்டர் சரின்னு சொன்னதும் பக்கத்து ஸ்கூலுக்கே வீட்டுல இருந்து போகட்டும். மதியத்துக்கு நீங்களோ அவரோ போய்க் கூட உக்காருங்க. ஹெச்எம்கிட்டயும் ஒரு டீச்சர்கிட்டயும் மட்டும் விஷயத்தைச் சொல்லி ஒரு ரூம் கேட்டா குடுப்பாங்க. எடை ஏறி நிலையா நின்னு, நீங்க பக்கத்துல இல்லாமயே மதியச் சாப்பாட்டை அவ முடிக்க ஆரம்பிச்ச பிறகு ஹாஸ்டல் பேச்சை எடுக்கலாம். நாடியை மட்டும் நாளைக்கே பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க. சரிங்க, அடுத்த கேள்விக்குப் போலாம்.