ஜே.எம்.ஆர்.ஐ. ஓடலையா? அன்இன்ஸ்டால் பட்டன்ல இருந்து கையை எடுங்க!

[திரை: தொடக்கப் படம் வந்து மறையுது. வெறும் டெஸ்க்டாப்.]

மாடல் ரயிலைக் கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டலாம்னு ஜே.எம்.ஆர்.ஐ.யை டபுள் கிளிக் பண்றீங்க. தொடக்கப் படம் ஒரு நொடி வந்துட்டு காணாமப் போயிடுது. இல்லைன்னா புரோகிராம் திறக்குது, ஆனா உங்க கமாண்ட் ஸ்டேஷனோட (தண்டவாளம் வழியா எஞ்சினுக்குக் கட்டளை அனுப்புற பெட்டி) பேர் சிவப்பு எழுத்துல நிக்குது. எஞ்சின் தண்டவாளத்துல அசையாம இருக்கு. உடனே எல்லாரும் செய்றது என்ன? அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்றது.

பண்ணாதீங்க. ஏன்னு சொல்றேன். விண்டோஸ்ல ஜே.எம்.ஆர்.ஐ. ரெண்டு இடத்துல இருக்கு. புரோகிராம் இருக்கிறது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல. உங்க செட்டிங்ஸ், எஞ்சின் பட்டியல், போர்ட் நம்பர் எல்லாம் இருக்கிறது யூசர்ஸ் ஃபோல்டர்ல, உங்க பேருக்குக் கீழே. அன்இன்ஸ்டால் பண்ணா முதல் இடம்தான் காலியாகும். தப்பான போர்ட் நம்பர் ரெண்டாவது இடத்துல அப்படியே பத்திரமா இருக்கும். பத்து தடவை போட்டாலும் அதே சிவப்பு எழுத்துதான். கோபத்துல அந்த ரெண்டாவது ஃபோல்டரையும் அழிச்சீங்கன்னா, ஒவ்வொரு எஞ்சினுக்கும் உட்கார்ந்து சேமிச்ச டீகோடர் (எஞ்சினுக்குள்ள இருந்து கட்டளையைக் கேட்கிற சின்ன சர்க்யூட்) அளவு எல்லாம் போச்சு. சந்தேகமா இருந்தா ஃபோல்டரோட பேரை மட்டும் மாத்திப் பாருங்க. போதும்.

[திரை: டீகோடர்ப்ரோ, பேனல்ப்ரோ ஐகான்கள்]

புதுசா வந்தவங்களுக்கு ரெண்டே வரி. ஜே.எம்.ஆர்.ஐ.ன்னா மாடல் ரயிலைக் கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டுற இலவச, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். டீகோடர் அமைப்பை மாத்த டீகோடர்ப்ரோ, லேஅவுட்டை வரைஞ்சு ஓட்ட பேனல்ப்ரோ. இதோட கோட் விஷயமா அமெரிக்காவுல நடந்த வழக்குலதான், ஓப்பன் சோர்ஸ் உரிமத்தோட நிபந்தனையை மீறினா அது பதிப்புரிமை மீறலாகவும் ஆகலாம்னு 2008ல மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிச்சு. ரயில் பொம்மைன்னு நினைக்கிறவங்ககிட்ட இதை அவசியம் சொல்லுங்க!

இன்னைக்கு மேசையில இருக்கிறது: விண்டோஸ் லேப்டாப், ஆர்டுயினோ மெகா 2560 போர்டு, அதுக்கு மேலே தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கிற மோட்டார் ஷீல்டு, உள்ளே அந்த போர்டைக் கமாண்ட் ஸ்டேஷனா மாத்துற டி.சி.சி.-இ.எக்ஸ். சாஃப்ட்வேர். உங்ககிட்ட டிஜிட்ராக்ஸ், என்.சி.இ. கம்பெனி கமாண்ட் ஸ்டேஷன் இருந்தாலும் தேடுற வழி இதேதான்.

[திரை: ஜாவா]

முதல்ல ஜாவா. ஜே.எம்.ஆர்.ஐ. 5.0ல இருந்து குறைஞ்சது ஜாவா 11 வேணும். ஜாவான்னு தேடினா முதல்ல வர்ற ஜாவா டாட் காம்ல கிடைக்கிறது ஜாவா 8. இங்கேதான் பாதிப் பேர் விழுறாங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஜாவா, ஒரு இடைவெளி, கோடு, வெர்ஷன்னு அடிங்க. 1.8ன்னு ஆரம்பிச்சா அது ஜாவா 8தான், அந்த ஒண்ணைக் கண்டுக்காதீங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. எரர்ல "கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 55, ஆனா 52 வரைக்கும்தான் படிக்க முடியும்"னு ஒரு வாசகம் வரும். பார்த்தா மிரட்டுற மாதிரி இருக்கும். அதுல இருந்து 44ஐக் கழிச்சுப் பாருங்க. 55ல 44 போனா 11. 52ல 44 போனா 8. அதாவது "எனக்கு ஜாவா 11 வேணும், உங்ககிட்ட இருக்கிறது 8"னு அது நேராத்தான் சொல்லுது! 61ன்னா ஜாவா 17, 65ன்னா 21. இந்த ஒரு 44ஐ மனசுல வச்சுக்கோங்க, எந்த ஜாவா புரோகிராமுக்கும் செல்லும்.

தீர்வு: அடாப்டியம் தளத்துல இருந்து டெமுரின் 64 பிட் இறக்குங்க. இன்ஸ்டால் ஆகும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு போயிடாதீங்க. நடுவுல ஒரு பட்டியல் வரும். அதுல "ஜாவா ஹோம்" அமைக்கிறதும், "ஜாவாசாஃப்ட் ரெஜிஸ்ட்ரி கீ"யும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு அணைஞ்சிருந்தா, ரெண்டையும் இயக்குங்க. இல்லைன்னா ஜாவா கம்ப்யூட்டர்ல இருக்கும், ஜே.எம்.ஆர்.ஐ.க்கு மட்டும் அது இருக்கிற இடம் தெரியாது.

[திரை: ப்ரிஃபரன்சஸ், கனெக்‌ஷன்ஸ்]

புரோகிராம் திறந்துடுச்சா? வயரைத் தொடறதுக்கு முன்னாடி "சோதனை"ன்னு தனியா ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, கமாண்ட் ஸ்டேஷன் மாதிரி நடிக்கிற டி.சி.சி. பிளஸ் பிளஸ் (டி.சி.சி.-இ.எக்ஸோட முன்னோடி) சிமுலேட்டரைத் தேர்ந்தெடுங்க. சிவப்பு இல்லாம திறந்தா ஜாவாவும் ஜே.எம்.ஆர்.ஐ.யும் நல்லா இருக்கு, கோளாறு கேபிள் பக்கம். ஒரே நிமிஷத்துல பாதி வீட்டைத் தேட வேண்டிய வேலை மிச்சம். தனி ப்ரொஃபைல்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. நிஜ இணைப்போட சிமுலேட்டரையும் ஒரே ப்ரொஃபைல்ல விட்டா, டிஃபால்ட்ஸ் பக்கத்துல சிமுலேட்டரே தேர்வாகி நிக்கலாம். அப்போ திரையில வேகத்தைக் கூட்டுற த்ராட்டில் நகரும், எஞ்சின் நகராது.

[திரை: டிவைஸ் மேனேஜர், அருகிலிருந்து]

இனிமே போர்ட். இங்கே கொஞ்சம் நின்னு நிதானமாப் பார்ப்போம், ஏன்னா விஷயமே இங்கேதான் இருக்கு.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து வச்சுக்கிட்டு போர்டைச் செருகுங்க. மூணுல ஒண்ணு நடக்கும். பட்டியல் அசையவே இல்லைன்னா கேபிளை மாத்துங்க. மெகாவுக்கு பிரிண்டர் கேபிள்ங்கிறதால தப்பிச்சோம். சின்ன போர்டுன்னா சார்ஜ் மட்டும் ஆகிற கேபிள் நிறைய சுத்துது. அதுக்குள்ள சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கும், டேட்டா போற பச்சை, வெள்ளை வயர் இருக்காது. போர்டுல லைட் எரியும், கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது.

ரெண்டாவது, மஞ்சள் ஆச்சரியக்குறியோட "யூ.எஸ்.பி. 2.0 சீரியல்"னு வரும். டிரைவர் இல்லைன்னு அர்த்தம். ரிட்சி தெருவுல கிடைக்கிற விலை குறைஞ்ச மெகாவுல பெரும்பாலும் இருக்கிறது யூ.எஸ்.பி.யை சீரியலா மாத்துற சி.ஹெச். 340 சிப். நெட் இருந்தா விண்டோஸே டிரைவரைத் தேடி எடுத்துக்கும். ரயில் அறையில வைஃபை எட்டலைன்னா எடுக்காது. லேப்டாப்பை ஒரு தடவை கூடத்துக்குக் கொண்டுவந்து செருகுங்க.

மூணாவது, "சி.ஹெச். 340, காம் 5"னு ஒழுங்கா வரும். அந்த காம் 5தான் போர்ட் நம்பர். நல்லது. ஆனா நேத்து ஓடினது இன்னைக்கு ஏன் ஓடலை?

இதைக் கேளுங்க. விலை கூடின எஃப்.டி.டி.ஐ. சிப்புக்கும், ஒரிஜினல் ஆர்டுயினோவுக்கும் சொந்தமா ஒரு சீரியல் நம்பர் உண்டு. எந்த ஓட்டையில செருகினாலும் விண்டோஸ் அதை அடையாளம் கண்டுபிடிச்சு, பழைய காம் நம்பரையே கொடுக்கும். சி.ஹெச். 340க்கு அந்த நம்பரே கிடையாது. கல்யாணப் பந்தியில பேர் தெரியாத ஆளுக்கு என்ன சொல்வோம்? "அந்த மூணாவது இலைக்காரருக்கு சாம்பார் ஊத்துப்பா"ன்னு சொல்வோம். அவர் எழுந்து அஞ்சாவது இலைக்குப் போயிட்டா, பரிமாறுறவருக்கு அவர் புது ஆள். விண்டோஸும் அப்படித்தான். இடது பக்க ஓட்டையில காம் 5, வலது பக்கம் செருகினா காம் 7. ஜே.எம்.ஆர்.ஐ. பாவம், இன்னும் காம் 5கிட்ட கையில கரண்டியோட நிக்குது. டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்சிருக்கிற சாதனங்களைக் காட்டச் சொன்னா, பழைய காம் நம்பர்கள் எல்லாம் மங்கலா வரிசையா நிக்கும். அவசியம் பாருங்க, அழகான காட்சி.

பரிகாரம்: ஒரு யூ.எஸ்.பி. ஓட்டையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வைங்க. எப்பவும் அங்கேயே செருகுங்க.

நம்பர் சரி, இன்னும் சிவப்பா? வேற ஏதாவது புரோகிராம் போர்ட்டைப் பிடிச்சிருக்கும். காம் போர்ட்டை ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் திறக்கலாம். பெரும்பாலும் ஆர்டுயினோவோட சீரியல் மானிட்டர் மூடாம கிடக்கும். அதை மூடறதுக்கு முன்னாடி ஒரு வேலை வாங்கிக்கலாம். வேகத்தை 115200ல வச்சு, கூர் அடைப்புக்குள்ள சின்ன எஸ் எழுத்தைப் போட்டு, <s>னு அனுப்புங்க. டி.சி.சி.-இ.எக்ஸ். தன் பேரையும் பதிப்பையும் சொல்லும். கிறுக்கல் எழுத்து வந்தா வேகம் தப்பு. பதிலே வரலைன்னா போர்டுல சாஃப்ட்வேர் ஏறலை. சரியான பதில் வந்தா, மானிட்டரை மூடிட்டு ஜே.எம்.ஆர்.ஐ.யைத் திறங்க. போர்ட் திறக்கும்போது மெகா ஒரு தடவை ரீசெட் ஆகும், சில நொடி பொறுங்க.

[திரை: உபுண்டு டெர்மினல்]

லினக்ஸ் நண்பர்களே, உங்களுக்கு ரெண்டு. போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லைன்னு வந்தா, உங்க பேரை "டயல்அவுட்" குழுவுல சேர்த்துட்டு, லாக்அவுட் பண்ணி உள்ளே வாங்க. லாக்அவுட் பண்ணாம எதுவும் மாறாது.

ரெண்டாவதைக் கேட்டா அசந்துடுவீங்க. உபுண்டு 22.04ல சி.ஹெச். 340 போர்டைச் செருகினா, போர்ட் ஒரு நொடி வந்துட்டு மறையும். லினக்ஸோட டிமெசிக் பதிவுல பார்த்தா "பி.ஆர்.எல்.டி.டி.ஒய்."னு ஒரு பேர் இருக்கும். அது பார்வையில்லாதவங்களுக்கான பிரெய்ல் சாஃப்ட்வேர்! ஒரு பிரெய்ல் கருவியும் இதே சிப்பை, இதே அடையாள எண்ணோட பயன்படுத்துது. அதனால உங்க மெகாவைப் பார்த்ததும், பிரெய்ல் கருவி வந்துடுச்சுன்னு நினைச்சு அது கையில எடுத்துக்குது. அந்தக் கம்ப்யூட்டர்ல யாரும் பிரெய்ல் பயன்படுத்தலைன்னா அந்தத் தொகுப்பை நீக்கிடலாம். பயன்படுத்துறவங்க இருந்தா தயவுசெஞ்சு நீக்காதீங்க. எந்தக் கருவியை யார் எடுக்கணும்னு சொல்ற அதோட யூடெவ் விதியில இந்த எண் இருக்கிற வரியை மட்டும் முடக்குங்க.

மேக்ல டி.டி.ஒய்.னு ஆரம்பிக்கிறதை விட்டுட்டு, சி.யூ.னு ஆரம்பிக்கிற போர்ட்டை எடுங்க. அவ்ளோதான்.

[திரை: புரோகிராமிங் ட்ராக்கில் ஒரே ஒரு எஞ்சின்]

இப்போ டீகோடர்ப்ரோவைத் திறந்து, எஞ்சினை புரோகிராமிங் ட்ராக்ல (டீகோடரைப் படிக்க, மாத்தன்னு ஒதுக்கின தண்டவாளம்) வச்சு, சி.வி. 8ஐ, அதாவது டீகோடரைச் செஞ்ச கம்பெனியோட எண்ணைப் படிங்க. 306ன்னு எரர் வந்தா கமாண்ட் ஸ்டேஷன் பதில் சொல்லலை, திரும்பக் கேபிள்கிட்ட போங்க. 308ன்னா கம்ப்யூட்டர்ல எல்லாம் சரி, எஞ்சின்தான் பேசலை. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைங்க. டீகோடருக்கு அங்கே வாய் கிடையாது. மோட்டாரை ஒரு துடிப்பு துடிக்க வச்சு, ஏறக்குறைய 6 மில்லி நொடிக்கு குறைஞ்சது 60 மில்லி ஆம்பியர் கூடுதலா இழுக்கும். "ஆமாம்"னு சொல்றது அப்படித்தான். படிக்கும்போது எஞ்சின் லேசா உலுக்குதே, அது பேச்சு! சக்கரத்துல அழுக்கு இருந்தா அந்த 6 மில்லி நொடி தொலைஞ்சு போகும்.

திரையில 151 வந்தா இ.எஸ்.யூ., 129 வந்தா டிஜிட்ராக்ஸ், 145 வந்தா ஸிமோ. உங்களுக்கு என்ன நம்பர் வந்துச்சு? கமென்ட்ல போடுங்க. சிவப்பு எழுத்து இன்னும் போகலைன்னா, ஹெல்ப் மெனுவுல லொகேஷன்ஸ் போய் லாக் ஃபோல்டரைத் திறந்து, செஷன் லாக்ல முதல் எரர் வரியை எழுதுங்க. கடைசி வரி வேண்டாம், முதல் வரி.