ஆரஞ்சுல இருந்த 'ந' எங்க போச்சு?

வணக்கம் மக்களே! தயிர்சாதத்துக்கு தொட்டுக்குற நாரத்தங்காய் ஊறுகாய் இருக்குல்ல, அந்த நாரத்தையும் ஜூஸ் கடை ஆரஞ்சும் பேரளவுல சொந்தக்காரங்க. சும்மா அடிச்சு விடல, வாங்க பார்ப்போம்.

(திரையில்: இந்தியாவுல இருந்து ஸ்பெயின் வரைக்கும் மேப்)

சமஸ்கிருதத்துல நாரங்க, பாரசீகத்துல நாரங், அரபியில நாரஞ்ச். அரபிக்காரங்க இந்த மரத்த சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு போனாங்க, ஸ்பானிஷ்ல இன்னைக்கும் நரான்ஹா தான். சமஸ்கிருதத்துக்கே இது ஏதோ ஒரு திராவிட மொழியில இருந்து போயிருக்கும்னு மொழியியல் ஆளுங்க பலர் சொல்றாங்க, மலையாளத்துல எலுமிச்சைக்கு இப்பவும் நாரங்கா தானே. உடனே "ஆரஞ்சே தமிழன் கண்டுபிடிச்சது"ன்னு கமெண்ட் போட்றாதீங்க, பழத்தோட பூர்வீகம் சீனா, இமயமலை அடிவாரம் அந்தப் பக்கம்.

சரி, 'ந' எங்க போச்சு? இத்தாலி, பிரான்ஸ்ல 'ஒரு'ன்னு சொல்ற சொல்லுல ஏற்கனவே ஒரு 'ன' இருக்கு, பேச்சு வேகத்துல அதுவும் பழத்தோட 'ந'வும் ஒட்டிக்கிட்டு ஒன்னாயிருச்சு. இத்தாலியன்ல அரான்ச்சா, பிரெஞ்சுல ஓராஞ்ச். இங்கிலீஷ்காரன் வாயில தான் 'எ நாரஞ்ச்' 'அன் ஆரஞ்ச்' ஆச்சுன்னு நிறைய ஷார்ட்ஸ்ல சொல்றாங்க, அது தப்பு, இங்கிலீஷுக்குள்ள வரும்போதே 'ந' கழண்டு தான் வந்துச்சு.

இன்னொரு கூத்து என்னன்னா அரபிக்காரங்க கொண்டு போனது புளிப்பும் கசப்புமான வகை. இனிப்பு ஆரஞ்சு பின்னாடி போர்ச்சுகீசிய வியாபாரிங்க மூலமா தான் அங்க பரவலாச்சு, அதனால நாட்டோட பேரே பழத்துக்கு வந்துருச்சு: துருக்கியில போர்த்தகால், கிரேக்கத்துல போர்த்தொகாலி, அரபியில புர்துகால். ஈரான்ல இன்னும் சூப்பர், புளிப்பு வகை நாரெஞ்ச், கமலா மாதிரி சின்னது நாரெங்கி, இனிப்பு மட்டும் போர்த்தெகால், ஆக நாரங்னு பேரு கைமாத்தி விட்டவங்களே நல்ல பழத்துக்கு போர்ச்சுகல் பேர வச்சிருக்காங்க.

நாம இங்கிலீஷ்ல இருந்து 'ஆரஞ்சு'ன்னு திரும்ப வாங்கிக்கிட்டோம். இலங்கைல தமிழங்க தோடம்பழம்னு சொல்லுவாங்க, அது இந்த வம்சமே இல்ல.

ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது தென்னாப்பிரிக்கா தான். அங்க கமலா ஆரஞ்சுக்கு பேரு 'நார்ச்சி', ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல்லு. இங்கிலீஷ் டிக்‌ஷனரிய புரட்டுனா அதுக்கு மூலம் தமிழ் 'நாரத்தை'ன்னே போட்டிருக்கும், பாரசீகம் அரபின்னு எங்கயும் சுத்தாம நேரா போய் இறங்கியிருக்கு, 'ந' கூட பத்திரமா இருக்கு!