நூலைவிட மாணவரே பெரிது: நெகாமா லெய்போவிட்ஸை முன்வைத்து

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். ஒரு சமய அறிஞரின் பணியில் விஞ்சி நிற்பது அவர் எழுதிய நூலா, வளர்த்த மாணவரா? மாணவர்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

நூல்தான் பெரிது என்பதற்கு எதிரணித் தலைவர் யூத அறிஞர் அடின் ஸ்டெயின்சால்ட்ஸைச் சொன்னார். சரி, மாபெரும் அறிஞர், மறுக்கவில்லை. 1965-ல் தொடங்கி 2010 வரை யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூத் முழுவதற்கும் உரை எழுதி, அதில் பெரும்பகுதி எழுதப்பட்ட பழைய அரமேய மொழி தெரியாதவர்களையும் அதைப் படிக்க வைத்தவர். ஆனால் அதே ஜெருசலேமில் நெகாமா லெய்போவிட்ஸ் என்று ஒரு அம்மையார் இருந்தாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

1905-ல் லாத்வியாவின் ரீகாவில் பிறந்தவர். ஜெர்மனியின் மார்புர்க்கில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு 1930-ல் பாலஸ்தீனம் வந்து, ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டுகள் கற்பித்தார். 1942-ல், அவரிடம் படித்துவிட்டு கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளுக்குத் திரும்பிய பெண்கள் தொடர்ந்து படிக்க ஏதாவது அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அந்தந்த வாரம் யூத ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா என்ற வேதநூலின் பகுதியை ஒட்டி ஒரு கேள்வித்தாள் தயாரித்து அனுப்ப ஆரம்பித்தார். பதில் ஒன்றுகூட அதில் இருக்காது, கேள்விகள் மட்டும்தான், கடினமான கேள்விக்கு ஒரு பெருக்கல் குறி, இன்னும் கடினமானதற்கு இரண்டு. 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இந்த இடத்தில் ஏன் உரை சொல்ல நின்றார், வசனத்தில் அவரை உறுத்தியது என்ன என்று கேட்பார். விடையை எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்புவார். இது 1971 வரை நடந்தது! எழுதியவர்களில் ஆசிரியரும் உண்டு, படைவீரரும் உண்டு, வயலில் வேலை செய்தவரும் உண்டு. தோராவை விளக்குவது ரப்பிகள் எனும் யூத மதகுருக்களின் வேலை, அதாவது ஆண்களின் வேலை என்றிருந்த காலத்தில், ஒரு பெண் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அத்தனை பேரின் விடைகளையும் திருத்திக்கொண்டிருந்தார், நடுவர் அவர்களே.

வகுப்பிலும் இதே கதைதான். கேள்வி கேட்டதும் கை தூக்குபவர் ஒருவரே பேசிவிட்டு உட்கார முடியாது. எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும், அவர் ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்ப்பார். பின் பெஞ்சில் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. 1956-ல் அவருக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது, கல்விக்காக. பின்னர் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார். ஆனாலும் 1997-ல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே, கல்லறையில் பெயரோடு 'ஆசிரியர்' என்று மட்டும்தான் பொறித்தார்கள்.

'அவரும் நூல் எழுதினாரே' என்று எதிரணி அடுத்து எழுந்து சொல்லும். ஆமாம், எழுதினார். அந்தக் கேள்வித்தாள்களிலிருந்து வளர்ந்த நூல்கள்தான் அவை. மாணவர்கள் கேட்டதால் வந்த தாள், தாளிலிருந்து வந்த நூல். அந்த நூலிலும் அத்தியாய முடிவில் வாசகருக்குக் கேள்விகளை வைத்துவிட்டுத்தான் போகிறார். அந்தப் பெண்கள் அன்று கேட்காமல் இருந்திருந்தால் இந்த நூல்கள் எங்கிருந்து வந்திருக்கும்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.