மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வசனம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் தூணில் சாய்ந்து நிற்பவர்களே, வணக்கம். நேரம் குறைவு என்று நடுவர் எச்சரித்திருப்பதால் வாழ்த்துரைகளை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

‘சென்னை மேடையில் புதிய நாடகத்தை வாழவைப்பவர் யார்? மேடையில் நிற்பவரா, எதிரில் அமர்ந்திருப்பவரா?’ என்பது தலைப்பு. எதிரில் அமர்ந்திருப்பவரே என்று பேச வந்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகளாக மேடையில் நின்றவன் என்பதால் என்னை அந்த அணியில் சேருங்கள் என்று கெஞ்சித்தான் பார்த்தேன். ‘உமது நடிப்பைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீர் ரசிகர் பக்கம் பேசுவதே நியாயம்’ என்று நடுவர் சொல்லிவிட்டார்.

திரைப்படத்துக்கு முன்னோட்டம் உண்டு; பாட்டு முன்கூட்டியே காதுக்கு வந்துவிடும்; முதல் காட்சி பார்த்தவர் வாசலில் நின்றபடியே கைப்பேசியில் தீர்ப்பும் எழுதிவிடுவார். நாடகத்துக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில், நாளுக்கொரு குழு, நாளுக்கொரு புதிய நாடகம். அன்று மாலை அரங்கேறுகிற கதை என்னவென்று எழுதியவருக்கும் நடிப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். நடிப்பவர்களில் இருவருக்கு அதுவும் முழுமையாகத் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்ப்பதற்காக, மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப்போட்ட மயிலாப்பூர்ச் சாலைகளைச் சுற்றி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசித் தோற்று, ஏழு மணிக்கு முன்பாக வந்து உட்காருகிறாரே ஒருவர், அவரல்லவா துணிச்சல்காரர்?

எதிரணித் தலைவர் ஆர்.எஸ். மனோகரைச் சொன்னார். ‘இலங்கேஸ்வரன்’ 1,800 தடவைக்கு மேல் மேடையேறியது, அது மனோகரின் உழைப்பு என்றார். உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் 1,800 மாலைகளில் ராவணனைக் கதாநாயகனாகப் பார்க்க எவர் வந்து உட்கார்ந்தார் என்ற மீதிக் கணக்கை அவர் எங்கே விட்டார்? அடுத்து, 1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேஜிக் லான்டர்ன் குழு மேடையேற்றிய ‘பொன்னியின் செல்வன்’ நாடகத்தைச் சொன்னார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வந்தியத்தேவனின் குதிரை எந்தத் துறையில் நின்றது என்பதுவரை கதை தெரியும். தெரிந்த கதைக்கு வருவது உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதைப் போன்றது. தெரியாத கதைக்கு வருவது பெண் பார்க்கப் போவதைப் போன்றது. எது துணிச்சல் என்று நடுவரே சொல்லட்டும். அவர் இரண்டையும் செய்தவர்.

இசை நாடகக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளை எஸ்.ஜி. கிட்டப்பா ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி ஆள்வரை கேட்கப் பாடிய காலம் அது. ‘ஒன்ஸ் மோர்’ என்று கொட்டகை குரல் எழுப்பிவிட்டால், மேடையில் செத்துக் கிடந்த பாத்திரமும் எழுந்து உட்கார்ந்து, பாட்டை முதலிலிருந்து பாடிவிட்டு, மறுபடியும் முறையாகச் சாக வேண்டும். எமனிடமிருந்து உயிரை மீட்டவள் சாவித்திரி என்பது புராணம். எங்கள் மேடையில் அந்த வேலையைத் தரை டிக்கெட் வாங்கியவரே செய்துகொண்டிருந்தார்.

இனி எதிரணியின் இரண்டாவது பேச்சாளருக்கு வருகிறேன். அவருக்குப் பதில் சொல்லாமல் போனால் இன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்காது. ‘அண்மையில் ஒரு புதிய நாடகத்துக்குப் போனேன், மாடியில் நின்று கீழே பார்த்தேன், பருத்திக்காடு வெடித்ததுபோல அரங்கு முழுவதும் வெள்ளைவெளேரென்று தலைகள், இந்தப் பருத்திக்காடா நாடகத்தை வாழவைக்கப்போகிறது?’ என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் பருத்தி என்பதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

தம்பி, முதலில் ஓர் ஐயம். மாடியில் நின்று பார்த்ததாகச் சொன்னீர்கள். மாடியில் ஏன் நின்றீர்கள்? கீழே இடமில்லை. ஆக, காடு நிரம்பியிருந்தது என்று எங்கள் அணிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு ஆட்டோச் செலவு நான் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது, பருத்தி விவசாயி எந்த நாளுக்காகக் காத்திருக்கிறான்? காய் பச்சையாகத் தொங்குகிற நாளுக்கா, வெடித்து வெளுக்கிற நாளுக்கா? 1968இல் சோவின் ‘முகமது பின் துக்ளக்’ மேடையேறியபோது இருபது வயதில் போய்ப் பார்த்தவருக்கு இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். அதற்கும் முன்பு, ஏஜிஎஸ் என்கிற அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டே பாலசந்தர் எழுதி மேடையேற்றிய ‘மேஜர் சந்திரகாந்த்’தை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்களும் அந்தக் காட்டில் இருக்கிறார்கள். இன்று பழம்பெருமை என்று நாம் பேசுகிற அவை யாவும் ஒரு மாலையில் புதிய நாடகமாக இருந்தவை. அன்று அவற்றை நம்பி வந்து உட்கார்ந்த கறுப்புத் தலைகள்தான், ஒரு புதிய நாடகத்துக்கும் அடுத்த புதிய நாடகத்துக்கும் இடையே, அந்தக் கொட்டகைகளிலேயே வெளுத்தன. உங்கள் தலை கறுப்பாக இருக்கிறது, மகிழ்ச்சி. அதில் எவ்வளவு கடவுள் கொடுத்தது, எவ்வளவு கடைக்காரர் கொடுத்தது என்று நான் கேட்கப்போவதில்லை. நானே முப்பது வயதில் தலைக்கு வெள்ளை பூசிக்கொண்டு அப்பாவாக நடித்தேன். இப்போது கறுப்பு பூசிக்கொண்டு மகனாக நடிக்கிறேன்.

இளைஞர்கள் போதிய அளவில் வரவில்லை என்பது குறைதான். சிறிய அரங்குகளில் நவீன நாடகம் பார்க்கத் தரையில் சம்மணமிட்டு உட்காருகிற பிள்ளைகள் சபா நாடகத்தின் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. அதற்கு எங்கள்மீதும் பழி உண்டு. கதையை விட்டுவிட்டுத் துணுக்குகளைத் தோரணமாகக் கட்டிய நாடகங்கள் பல வந்தன. அந்தத் தோரணங்களில் நானும் ஒரு மாவிலையாகத் தொங்கியிருக்கிறேன். அப்போதும் பொறுத்துக்கொண்டு, அடுத்ததாவது தேறும் என்று அடுத்த நாடகத்துக்கும் வந்தவர்கள் யார் தம்பி? உங்கள் பருத்திக்காடுதான்.

இப்போது ஒரு நிகழ்ச்சி. இதை நான் ஏற்கெனவே நான்கு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அவற்றில் மூன்றில் நடுவர் இருந்தார். இருந்தும் இன்று சிரிப்பார், பாருங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழுவின் புதிய நாடகம், முதல் அரங்கேற்றம். நான் தந்தை. எனக்கு வயது முப்பத்தைந்து. எனக்கு மகனாக நடித்தவருக்கு நாற்பத்தொன்று. இதில் இன்னொரு சிக்கல், அவர் அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. காலையில் ‘சார்’ என்று விடுப்பு விண்ணப்பத்தை நீட்டிய அதே மனிதரை மாலையில் ‘டேய்’ என்று கூப்பிட எனக்கு நாற்பது நாள் ஒத்திகை தேவைப்பட்டது.

கடைசிக்கு முந்தைய காட்சி. மகனைப் படிக்கவைத்த கடனை அடைப்பதற்காகப் பரம்பரை வீட்டை விற்றுவிட்டேன் என்ற உண்மையைத் தந்தை மகனிடம் சொல்ல வேண்டும். நாடகமே அந்த ஒரு வரியின்மீது நிற்கிறது. அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. நான் மெல்ல நடந்து, மேலேயிருந்து தொங்கும் மைக்குக்கு நேர் கீழே வந்து நிற்கிறேன். இரண்டடி தள்ளி நின்றால் எப்பேர்ப்பட்ட உண்மையும் நான்காம் வரிசைக்குப் போய்ச் சேராது. வாயைத் திறக்கிறேன். வசனம் இல்லை. நாற்பது நாள் சொன்ன வசனம், துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது.

மேடையோரத்து மறைவிடமான இடப்பக்க விங்கைப் பார்த்தேன். வசனம் எடுத்துக்கொடுக்க நின்றவர் தாள்களைக் கீழே சிதறவிட்டு, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்த பதற்றத்தில், கையில் அகப்பட்ட தாளைத் தூக்கி, விளக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அதன் முதல் வரியை எடுத்துக்கொடுத்தார்: ‘காப்பி சாப்பிடுறியாப்பா?’ அது முதல் காட்சியின் தாள். குடியே முழுகிப்போன இடத்தில் காப்பி உபசாரம் செய்யவும் முடியாமல் நான் விழித்துக்கொண்டு நிற்க, மகன் நிலைமையைச் சமாளிக்க, ‘என்னப்பா சொல்ல வந்தீங்க?’ என்றார். நான் பேசவில்லை. ‘சொல்லுங்கப்பா’ என்றார். பேசவில்லை. மூன்றாம் முறை அவர் கேட்ட தொனியில் மகன் மறைந்து மேலதிகாரி தெரிய ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து, இருட்டிலிருந்து, ஒரு பெண்குரல் வந்தது: ‘வீட்டை வித்துட்டேன்னு சொல்லுங்க!’

என் மனைவி. நாற்பது நாளும் சமையலறை வாசலில் முறத்துடன் உட்கார்ந்து, குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே எனக்கு எதிர்வசனம் படித்தவர். என் மகனாகவும், மருமகளாகவும், வீட்டை வாங்க வந்தவராகவும் மாறி மாறிப் பேசி, என்னைக் காட்டிலும் நன்றாக என் வசனத்தைப் பாடம் செய்துவைத்திருந்தவர். நான் அந்தக் குரல் வந்த திசைக்குத் திரும்பி, ‘அதைச் சொல்லத்தானே வாய் வரலை’ என்றேன். அது வசனமே இல்லை. உள்ளபடியே என் நிலைமை அதுதான். ஒரு நொடி அரங்கம் உறைந்தது. அப்புறம் எழுந்தது பாருங்கள் கைதட்டல், அதைப்போல் ஒன்றை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஏன் தட்டினார்கள்? கதைப்படி அந்தத் தந்தையின் மனைவி இறந்துபோனவர். சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். போனவளின் குரல் இருளிலிருந்து வந்து, ஊமையாகி நிற்கும் கணவனைப் பேசவைக்கிறது என்று சபையோர் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நாடகம் முடிந்ததும் சபாச் செயலாளர் உள்ளே ஓடிவந்து, ‘இப்படியொரு உத்தியை நான் பார்த்ததேயில்லை’ என்று இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயக்குநரும், ‘கொஞ்சம் யோசித்துத்தான் வைத்தோம்’ என்று அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். அந்த நாடகம் அடுத்த முறை மேடையேறியதிலிருந்து மூன்றாம் வரிசையில் நடைபாதையை ஒட்டிய இருக்கை என் மனைவிக்கு நிரந்தரமாயிற்று. இருபத்தேழு முறை அந்த நாடகம் போட்டோம். இருபத்தேழு முறையும் அவர் அந்த ஒரே வரியைப் பிசகாமல் சொன்னார். நான் அந்த இருபத்தேழில் நான்கு முறை வேறு வேறு இடங்களில் மறந்தேன்.

எதிரணித் தலைவரைக் கேட்கிறேன். அந்தக் காட்சியை எழுதியவர் யார்? ஆசிரியர் எழுதவில்லை. நடித்தவர் யார்? நான் நடிக்கவில்லை, திருதிருவென்று விழித்தேன். ஒரு தடுமாற்றத்தையும் ஒரு பெண்மணியின் பொறுமையின்மையையும் எடுத்து முடிச்சுப்போட்டுக் காட்சியாக்கியது எதிரில் அமர்ந்திருந்த சபை.

இதற்கு மேல் வாதம் செய்ய எனக்கு மனமில்லை, நடுவர் அவர்களே. இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

என் மனைவிக்கு இப்போது வலது காது கேட்பதில்லை. இடது காதுக்குக் கருவி உண்டு. ஆனால் அரங்கில் கைதட்டல் எழுந்தால் அது காதுக்குள் கூரிய இரைச்சலாகி வலிக்கிறது என்று, திரை விலகுவதற்கு முன்பே கழற்றி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுகிறார். கேட்காத நாடகத்துக்கு எதற்கு வருகிறாய் என்று கேட்டால், ‘நான் பார்க்கத்தானே வரேன்’ என்கிறார். வீட்டில் நான் ஒத்திகை பார்க்கும்போது என் வாயசைவைப் பார்த்தே வசனத்தைப் பாடம் செய்துகொள்கிறார். சென்ற கோடையில் என் புதிய நாடகம் அரங்கேறியது. இப்போது எங்களுக்குச் சட்டையில் செருகுகிற மைக். வசனத்தைத் தவிர எல்லா வசதியும் இருக்கிறது. இரண்டாம் காட்சியில் ஒரு வரி நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். விளக்கு முகத்தில் அடிக்கும்போது மேடையிலிருந்து எவருடைய முகமும் தெரியாது. தலைமுடியின் வெண்மை மட்டும் தெரியும். தம்பி மாடியில் நின்று பார்த்த அதே பருத்திக்காடு. அதில், நடைபாதையை ஒட்டி ஒரு தலை மட்டும் இருக்கையை விட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, சொல்லுங்கள் என்பதுபோல் இரண்டு முறை அசைந்தது. எனக்கு வசனம் வந்துவிட்டது.

நடுவர் இரண்டு மணி அடித்துவிட்டார். எங்கள் ஊரில் மூன்றாவது மணிக்குத்தான் திரை விலகும். இங்கே மூன்றாவது மணிக்குப் பேச்சாளரை விலக்கிவிடுவார்கள் என்று தெரிகிறது. அந்தப் பெண்மணி இன்றும் இதே அரங்கில், மூன்றாம் வரிசையில், நடைபாதையை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார். கருவி கைப்பையில் இருக்கிறது. ஆகவே தீர்ப்புச் சொல்லும்போது, நடுவர் அவர்களே, முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.