முன்பணம் வாங்காத வீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராமேசுவரம் தொடங்கி மூக்கையூர் வரை இருந்து வந்து மணலில் அமர்ந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

மீனவர் சங்கத் தலைவரின் பெயர் நிலைக்கப் பெரிதும் காரணம் அவருடைய பேச்சுத்திறனா, வீட்டுத் துணையா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கலெக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவர் தலைவர். வீட்டம்மா என்ன செய்தார்? வந்தவர்களுக்குக் காபி போட்டார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். காபி போட்டது உண்மைதான். அந்த நெஞ்சை நிமிர்த்த வைத்தது யார் என்று பார்ப்போம்.

நம்ம பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள். திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. கூட்டம் திங்கட்கிழமை வைத்தால் தலைவருக்கு அன்றைய தொழில் போச்சு. ஆளை வைத்துப் படகை அனுப்பினாலும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துத்தான் பங்கு. கரைக்கு வந்த மீனைத் தரம் பிரிக்காமல் விட்டால் பெரிய இறாலும் பொடி இறாலும் ஒரே பெட்டியில் கிடக்கும். வியாபாரி முழுப் பெட்டிக்கும் பொடி விலைதான் சொல்வார். தலைவர் ராமநாதபுரத்தில் மனு கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஏலத்தில் நின்று, எடைத் தராசைப் பார்த்து, மீன் விற்ற சீட்டை வாங்கி முந்தானையில் முடிகிறவர் யார்?

இதைவிடப் பெரிய விஷயம் முன்பணம். வியாபாரியிடம் ஒருதரம் முன்பணம் வாங்கிவிட்டால் மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. கடன்பட்ட தலைவர், 'இறாலுக்கு விலை கட்டவில்லை' என்று மேடையில் எப்படிப் பேசுவார்? முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவரே அந்த வியாபாரிதானே! முன்பணம் வாங்காமல் அந்த அம்மா வீட்டை ஓட்டுகிறார் பாருங்கள், அதனால்தான் தலைவர் வாய் திறக்கிறார்.

எப்படி ஓட்டுகிறார்? பாதி விடை கருவாடு. ஏலத்தில் விலை போகாத மீன் வீட்டுக்கு வரும். பெரிய மீனை முதுகோடு கீறி, குடலும் செவுளும் எடுத்து, இரத்தம் போகக் கழுவ வேண்டும். 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு. வாலிநோக்கத்தில் உப்பளம் இருப்பதால் நமக்கு உப்புக்குப் பஞ்சம் இல்லை. கீறின இடமெல்லாம் தேய்த்து, தொட்டியில் அடுக்கி ஓர் இரவு வைத்து, மறுநாள் அலசி, இரண்டு மூன்று நாள் வெயில். நெத்திலிக்கு உப்புகூட வேண்டாம், வலை விரித்துக் காயப்போட்டால் போதும்.

கேட்கச் சுலபம். உப்பு குறைந்தால் முள் ஓரத்தில் புழு வைக்கும். பழைய உப்பையே மறுபடி போட்டால் மேலே சிவப்புப் படரும். வெறும் மணலில் காயப்போட்டால் மண் ஒட்டி விலை இறங்கும். அந்திப் பனி இறங்கும் முன் அள்ளாவிட்டால் மூன்று நாள் வெயிலும் வீண். அந்தி நேரம் என்ன நேரம்? தலைவரைத் தேடி ஊரே வீட்டுக்கு வருகிற நேரம். காபியும் போட வேண்டும், கருவாடும் அள்ள வேண்டும்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய் சொச்சம். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மாதாமாதம் கட்டி 1,500 சேர்த்தால் அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகக் கையில் வரும். அந்தத் தவணைத் தேதி எத்தனை தலைவர்களுக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை!

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போன இரவை எடுத்துக்கொள்வோம். முதல் போன் தலைவருக்கு வரும். ஆனால் பிடிபட்டவர்களின் மனைவிமார் வருவது அடுப்படி வாசலுக்கு. "மதினி, அவுகளுக்கு சுகர் மாத்திரை இருக்கு" என்று அங்கேதான் சொல்வார்கள். படகுப் பதிவுச் சான்று, கடலுக்குப் போகும்போது வாங்கிய அனுமதி டோக்கன், போனவர்கள் பெயர், ஆதார் நகல் எல்லாம் ஒரே பையில் இருந்தால் விடியும்போது மனு தயார். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் திருத்த அலைய வேண்டும். தலைவர் பேச்சு அதற்கப்புறம்தான்.

ராமேசுவரத்தில் அப்துல் கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன் மரைக்காயரைத் தேடி வராத ஆள் இல்லை. வீட்டு ஆட்களைவிட வெளியாட்களே அங்கே அதிகம் சாப்பிட்டார்கள் என்று கலாமே சொல்லியிருக்கிறார். உலை வைத்தவர் ஆசியம்மா.

"திறமை இல்லாதவரைத் துணை என்ன செய்யும்?" என்று எதிரணியில் இரண்டாவதாக வந்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன், திறமை மட்டும் போதுமா? பாரதி 1921இல் போனார். அடுத்த ஆண்டே திருவல்லிக்கேணியில் பாரதி ஆச்ரமம் தொடங்கி அவர் பாட்டை அச்சில் ஏற்றியவர் செல்லம்மாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பெண்ணை மட்டும் சேர்ந்த பேச்சு இல்லை. இப்போது உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவி கூட்டத்தில் இருக்கும்போது பிள்ளைக்குச் சோறு போட்டு, கருவாட்டை அள்ளி வைக்கிற கணவரும் எங்கள் அணிதான். தலைவியின் நாற்காலியில் தானே போய் உட்காருகிறவரை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். பொன்னாடையை இன்னொருவர் தோளுக்கு மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. படகுப் பதிவில் இரண்டு பெயர் போடுங்கள். மீன் விற்ற சீட்டை அந்த அம்மா பெயரில் எழுதுங்கள். சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது அவரையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்க வேண்டும் என்று நடுவரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.